பசி காணப்படவில்லை

முன்னொரு காலத்தில், வானம் இரண்டு வருஷமாக ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கஞ்சத்தனம் செய்த காலத்தில், ஒரு நாட்டை இராசகேது என்ற மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். மனிதர் கெட்டவர் இல்லை. ஊரூராகக் கஞ்சித்தொட்டி திறந்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றச் சொன்னவரே அவர்தான். ஆனால் மாதத்துக்கு ஒரு கிறுக்கு அவரைப் பிடிக்கும். அந்த மாதம் பிடித்த கிறுக்கு, தம் அறுபதாவது பிறந்தநாளுக்குப் பனைமர உயரத்தில் தமக்கு ஒரு நெல்லுருவம் செய்ய வேண்டும் என்பது. தொப்பைக்கு மட்டும் நூறு வண்டி நெல் பிடிக்கும் என்றார்கள் சிற்பிகள்.

நெல்லுக்கு எங்கே போவது? பிரதானி வேங்கடமுடையார் வழி சொன்னார். “கஞ்சித்தொட்டிகளை மூடிவிடலாம், பிரபு.”

ராஜா தாடியைத் தடவினார். “நாட்டில் பசித்தவர் யாரும் இல்லையென்றால் மூடலாம். விசாரித்து வாரும்.”

பிரதானி அன்று மதியமே ஓலையோடு திரும்பி வந்து வாசித்தார். “குடிகள் நூறு பேர் வினவப்பட்டனர். நூற்றுவரும் நிறைவுற்றவராய் அறியப்பட்டனர். ஆகவே, நாட்டில் பசி காணப்படவில்லை.”

சபை தலையாட்டியது. ஒருவன் மட்டும் ஆட்டவில்லை. அவன் அரசவை விகடன் சடையாண்டி. அன்று காலையில்தான் அவன் கரிசல்குளம் வழியாக வந்திருந்தான். அங்கே கஞ்சித்தொட்டியில் ஒரு பெண், ஊற்றிய கஞ்சியைத் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, வெறும் சட்டியை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். அந்த விரல் இன்னும் அவன் கண்ணை விட்டுப் போகவில்லை.

“காணப்படவில்லை என்றால் இல்லை என்று பொருளா, யாரும் பார்க்கவில்லை என்று பொருளா?” என்று கேட்டான் சடையாண்டி. “பிரதானியார் எங்கே நின்று விசாரித்தார்?”

“அரண்மனைப் போஜனசாலை வாசலில்.”

“உள்ளே போகிறவர்களையா, வெளியே வருகிறவர்களையா?”

பிரதானி ஓலையை அவசரமாகச் சுருட்டினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு முகம் கன்றிவிட்டது.

“பிரபு, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் நூறு சோறு பார்த்தேன். இவனுக்கு அது போதவில்லையாம்! அப்படியானால் நாட்டிலுள்ள இரண்டு லட்சம் பேரையும் இவனே கேட்டு வரட்டும். மூன்று நாள் தருவோம். ஒருவர் விடுபட்டாலும் இவன் தலை உடலிலிருந்து பிரிக்கப்படட்டும். சிறிதைப் பார்த்துப் பெரிதைச் சொல்வது குற்றம் என்று பொது ஆணையாகவே எழுதிவிடலாம்.”

நெல்லுருவம் கைநழுவுகிறதே என்ற எரிச்சலில் இருந்த ராஜா முத்திரையைக் குத்திவிட்டார். ‘இன்று முதல் இவ்வரண்மனையில் எப்பொருளும் முழுமையும் சோதிக்கப்பட்ட பின்னரே அதுபற்றி முடிவு கூறப்படும்.’

சடையாண்டி சந்தைக்கு ஓடினான். தறித்தெருவுக்கு ஓடினான். ஏரிக்கரைக்கு ஓடினான். இரண்டாம் நாள் பொழுது சாயும்போது அவன் கேட்டு முடித்திருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். தொண்டை வறண்டு, கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அரண்மனை மடைப்பள்ளிக்குள் நுழைந்து, ஒரு பூசணிக்காயின் மேல் உட்கார்ந்தான்.

அங்கே ராஜாவின் உணவில் விஷம் இருக்கிறதா என்று ருசி பார்க்கும் அம்பலவாணன், ஒவ்வொரு பாத்திரத்திலும் விரல்நுனி அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏண்ணே, துளியூண்டு தின்னுட்டு மொத்தப் பானையும் நல்லாருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?”

“கிண்டிவிட்டுத்தானப்பா எடுக்கேன்? எல்லாத்தையும் தின்னுட்டா ராசா எதைத் திம்பாரு?”

சடையாண்டி பூசணிக்காயிலிருந்து துள்ளி எழுந்தான். “அண்ணே, புது ஆணை உங்க காதுல விழலையா? முழுசாச் சோதிக்காம முடிவு சொன்னா தலை போயிரும்!”

அம்பலவாணன் நெய்ப் பணியாரத்தை ஏக்கத்தோடு பார்த்தான். “பதினாறு வருசமா இதோட ஓரத்தைத்தான் கடிச்சிருக்கேன்” என்றான் மெல்ல. “ஆணையின்னா ஆணைதான்.”

மூன்றாம் நாள் காலை ராஜா இலை முன் அமர்ந்தார். இலை காலி. அம்பலவாணன் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தான். “நாற்பது இட்டிலியும் முழுமையாகச் சோதிக்கப்பட்டன, பிரபு. எதிலும் விஷம் இல்லை.” ராஜா கத்தினார். மறுபடி சமைத்தார்கள். அம்பலவாணனுக்குத் துணையாக அவன் மைத்துனர்கள் நால்வர் வந்து, அதையும் ஆணைப்படி சோதித்து முடித்தார்கள். மதியமும் அதே கதைதான். ஆணையில் தம் முத்திரையே இருந்ததால் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தார்.

மாலையில் சபை கூடியது. பிரதானி எழுந்தார். “சடையாண்டி, எத்தனை பேரை வினவினாய்?”

“இன்னும் ஒரே ஒருவரைக் கேட்டால் என் வேலை முடிந்துவிடும்.” அவன் ராஜாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். “பிரபு, தங்களுக்குப் பசிக்கிறதா?”

“பசியா!” ராஜா சிம்மாசனத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். “குடல் குடலைத் தின்கிறது! இப்போது இந்தத் தூணைக் கொடுத்தாலும் கடிப்பேன்!”

“எழுத்தரே, எழுதிக்கொள்ளும். நாட்டில் பசித்தவர் ஒருவர் உண்டு. ‘யாருமே இல்லை’ என்ற பேச்சைப் பொய்யாக்க ஒரு வயிறு போதும், பிரபு. மீதி இரண்டு லட்சம் பேரைக் கேட்க வேண்டியதில்லை.”

ராஜா மெல்ல உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தார். “ஒரே பகலுக்கு இவ்வளவு வலியா?” என்றார், தமக்குள்ளேயே பேசுவதுபோல. பிறகு நிமிர்ந்தார். “ஒருவர் உண்டு, சரி. எத்தனை பேர் உண்டு? அதை எப்படி அறிவது?”

“பிரதானியார் சொன்ன பழமொழி பொய்யில்லை, பிரபு. ஒரு சோறு போதும்தான். பானையைக் கிண்டிவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். இவர் மேலே மிதந்த நெய்யை நக்கிவிட்டுப் பதம் சொல்லிவிட்டார்.”

அன்றைக்கே அந்த ஆணையை நீக்கிவிட்டு, நானூறு ஊர்களின் பெயரையும் ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ராஜா கண்ணை மூடிக்கொண்டு இருபதை எடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் இதே மாதிரி குலுக்கிப் பத்து வீடு. பெரிய வீடோ குடிசையோ, விழுந்த வீட்டை மாற்றக் கூடாது.

“இன்னொன்று, பிரபு. வாளேந்திய சேவகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ‘பசிக்கிறதா’ என்று கேட்டால் எவனும் இல்லையென்றுதான் சொல்வான். சேவகன் வேண்டாம். ‘நேற்று என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்கட்டும்.”

“யார் கேட்பது?” என்றார் ராஜா.

சடையாண்டி பிரதானியைப் பார்த்தான். ராஜாவும் பார்த்தார்.

பதினைந்தாம் நாள் பிரதானி திரும்பி வந்தார். பல்லக்கு ஏறாமல் வெயிலில் இருபது ஊர் நடந்ததில் ஆள் பாதியாகியிருந்தார். கேட்ட வீடுகளில் யாருக்கும் விருந்து வைக்கும் வசதி இருக்கவில்லை. ஓலையைப் பிரித்துப் பார்த்தார். வாசிக்கத் தெம்பில்லாமல் மடித்துக்கொண்டார்.

“இருநூறு வீட்டில் நூற்றிருபத்து நான்கு வீடு பட்டினி, பிரபு. நூற்றுக்கு அறுபத்திரண்டு.” இடுப்புக் கச்சையை இறுக்கினார். “என்னையும் சேர்த்தால் பட்டினி நூற்றிருபத்தைந்து.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. நெல்லுருவம் வேண்டாம், கஞ்சித்தொட்டிகளை இரண்டு மடங்காக்குங்கள் என்று உத்தரவிட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். பிரதானியின் பசிக்கும் வழி சொன்னார்: கரிசல்குளத்துக் கஞ்சித்தொட்டி பக்கத்தில்தான் இருக்கிறது, போய்ச் சாப்பிட்டு வாரும்.

பிரதானி போனார். பழக்க தோஷத்தில் நேராகத் தொட்டியருகே போய்க் கையை நீட்டினார். அங்கே இரண்டு பிள்ளைகளோடு நின்றிருந்த ஒரு பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஐயா, வரிசை அந்தப் புளியமரத்துக்கிட்ட முடியுது” என்றாள். “பின்னால போயி நில்லுங்க.”