பதிவில் இல்லாத பேஸ் கிட்டார்

கோயம்புத்தூரில் ஷமீமா என்றொரு பெண் இருந்தாள். எந்த இயர்போன் யார் காதுக்குப் பொருந்தும் என்று கேட்டுப் பார்த்துச் சொல்வாள். பாட்டைக் கவனித்துக் கேட்கக் கற்றுக்கொள்ளவும் சிலர் அவளிடம் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தங்கவடிவேல். அவளைவிட முப்பது வயது பெரியவர். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

பேஸ் என்னும் தாழ்ந்த அதிர்வொலி தூக்கலாக உள்ள இயர்போன்கள்தான் அவருக்குப் பிடிக்கும். காதில் செருகியதும் கண்ணை மூடிக்கொள்வார். "நெஞ்சுக்குள்ள யாரோ நடக்கிற மாதிரி இருக்கு டீச்சர்" என்பார்.

ஒரு சனிக்கிழமை காலை வந்து, "என்கிட்ட இருக்கிறதைவிட பேஸ் கூடினது ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டார்.

"வீட்ல ஏழு வச்சிருக்கீங்களே சார். எதுல குறை?"

"எதுலயும் இல்லை. ஒரே ஒரு பாட்டுதான் சரியா கேக்க மாட்டேங்குது."

போனில் அந்தப் பதிவை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் நடந்த மெல்லிசைக் கச்சேரி. பாடியவர் தங்கவடிவேல். பேஸ் கிட்டார் வாசித்தவர் அவருடைய நண்பர் எப்ரேம். பன்னிரண்டு வருடம் ஒரே மேடையில் நின்றவர்கள். எப்ரேம் போன ஆவணியில் இறந்துவிட்டார்.

ஷமீமா இரண்டு முறை கேட்டாள்.

"சின்ன டேப் ரெக்கார்டர்ல பிடிச்சிருக்காங்க. பேஸ் பதியவே இல்லை சார். எதைப் போட்டுக் கேட்டாலும் வராது."

அவர் போனைப் பார்த்தபடியே சொன்னார்.

"பாடும்போது என் குரல்தான் எனக்குப் பெருசு. அவன் என்ன வாசிக்கிறான்னு ஒருநாளும் காது கொடுத்ததில்லை. நல்லா இருந்துச்சுடான்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதெல்லாம் இப்பத்தான் புரியுது. ஒரு தடவை அவன் வாசிப்பைக் கேக்கணும். எப்படிக் கேப்பேன் டீச்சர்?"

ஷமீமா இயர்போனின் ஒரு பக்கத்தை அவரிடம் கொடுத்தாள். மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது.

"பல்லவி மூணு தடவை வருது. மூணு தடவையும் முதல் வரி பாடிட்டு நிக்கிறீங்க. தாளத்துக்கு அங்க நிக்க வேண்டியதே இல்லையே."

"அந்த இடத்துல எப்ரேம் ஒரு சின்ன ஓட்டம் வாசிப்பான். அது முடிஞ்சுதான் அடுத்த வரி எடுப்பேன்."

"யார் சொல்லி வச்சது?"

"யாரும் சொல்லலை. அப்படியே அமைஞ்சுபோச்சு."

"அவர் கையைப் பார்த்துட்டு எடுப்பீங்களா?"

"அதெப்படி? அவன் எனக்குப் பின்னாடிதானே நிப்பான்."

ஷமீமா காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

"அப்போ அவர் வாசிச்சு முடிச்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

தங்கவடிவேல் கண்ணை மூடிப் பல்லவியின் முதல் வரியை மெல்லப் பாடினார். எப்ரேமின் ஓட்டம் முடியும்வரை நின்று, அடுத்த வரியை எடுத்தார்.