திமிலனின் நாற்பது முட்டு

மலையடியில் இருந்த ஒரு காட்டில் திமிலன் என்றொரு காட்டெருது இருந்தான். அவனுடைய உடம்பு பெரிது. பிடிவாதம் அதைவிடப் பெரிது.

அந்த வருஷ மழையில் பெரிய பாறை ஒன்று உருண்டு வந்து, மந்தை தண்ணீர் குடிக்கும் ஊற்றின் வாயை அடைத்துக்கொண்டது. மிச்சம் இருந்தது ஒரு சின்னக் குட்டைதான்.

திமிலன் போய்ப் பாறையை முட்டினான். நடுவில் நிற்காமல் முப்பது முட்டு முட்டினான். பாறை லேசாக ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. திமிலனுக்குத்தான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அண்ணே, நாங்களும் சேந்து முட்டுறோமே" என்றாள் அவன் தங்கை செவலி.

"நாலு பேரு சேந்து தள்ளினா அதுல எனக்கு என்ன பெருமை? முப்பதுக்கே ஆடுது, நாப்பது முட்டினா புரண்டுடும். மலை உச்சியில பழகினா மூச்சு நீளுமாம், கழுகு சொல்லிச்சு. போய்ப் பழகிட்டு வர்றேன்."

"குட்டைத் தண்ணி பங்குனி வரைக்கும்தான் தாங்கும், அண்ணே."

"அதுக்குள்ள வந்துடுவேன். எனக்காகக் காத்திருங்க."

உச்சியில் புல்லும் பாறையும் பனிமூட்டமும்தான் இருந்தன. திமிலன் ஒரு பாறையைத் தேர்ந்தெடுத்து முட்டத் தொடங்கினான். பத்தாவது முட்டிலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. தலை வலித்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. புல்லைப் பார்த்தாலே குமட்டியது.

'முப்பது முட்டியவன் பத்துக்கு வந்துவிட்டேனே!' அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறுதல் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

இதையெல்லாம் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வரையாடு. யாரோடும் அதிகம் ஒட்டாத பிராணி அது.

"இங்க காத்து மெலிசுப்பா. கீழ கிடைக்கிற அளவு மூச்சு இங்க கிடைக்காது. முட்டின நேரத்தைப் போல ரெண்டு மடங்கு நேரம் ஓய்வு எடு. பசிக்கலேன்னாலும் மேய்ஞ்சு வை, இல்லேன்னா இருக்கிற சதையும் கரைஞ்சுடும்."

சொல்லிவிட்டு அது தாவிப் போய்விட்டது.

திமிலன் அப்படியே செய்தான். நாளாக ஆகத் தலைவலி நின்றது. பசி எடுத்தது. பதினைந்து, இருபது என்று எண்ணிக்கை ஏறியது. தினமும் முட்டி முடித்ததும் சரிவின் ஓரத்தில் போய் நிற்பான். மூட்டம் விலகும்போது கீழே குட்டை தெரியும். அதைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளாக மந்தை தெரியும். அதில் எந்தப் புள்ளி செவலி என்று தேடுவான். கூப்பிட்டும் பார்ப்பான். குரல் அவ்வளவு தூரம் போகாது.

மாசி முடிவதற்குள் முப்பதை எட்டினான்.

"போதும், இறங்கு" என்றது வரையாடு.

"என்னத்த போதும்? முப்பதோட வந்தேன், முப்பதோடதானே நிக்கிறேன்! இவ்வளவு பாடுபட்டும் ஒரு முட்டுகூடக் கூடலையே!"

"அந்த முப்பது வேற, இந்த முப்பது வேறப்பா. கீழ போய் முட்டிப் பாரு, தெரியும்."

"நாப்பது ஆகாம எந்த முகத்தோட மந்தைக்குள்ள போவேன்?"

வரையாடு வற்புறுத்தவில்லை; மூட்டத்துக்குள் நடந்து மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு திமிலனோடு பேச யாரும் இல்லை. ஒரு குரலாவது காதில் விழட்டும் என்று, முட்டும்போது எண்ணிக்கையைத் தானே உரக்கச் சொல்லிக்கொள்வான்.

பங்குனி வந்தது. முப்பத்து மூன்று. சித்திரை வந்தது. முப்பத்தாறு. சரிவோரம் போய் நிற்பதையும் விட்டுவிட்டான். மந்தையைப் பார்த்தால் மனசு இளகி இறங்கிவிடுவோமோ என்று அவனுக்குப் பயம்.

வைகாசியில் ஒரு காலை, "நாப்பது!" என்று கத்தினான். பாராட்ட அங்கே ஒரு காக்கைகூட இல்லை.

ஒரே ஓட்டமாக இறங்கினான். இறங்க இறங்கக் காற்று தாராளமாக உள்ளே போனது. நேரே ஊற்றடிக்கு வந்து முட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று... பன்னிரண்டாவது முட்டிலேயே பாறை புரண்டு பள்ளத்தில் விழுந்தது. அவனுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

தண்ணீர் குபுகுபுவென்று பொங்கி வந்தது.

"செவலி! தண்ணி வந்துடுச்சு, வா!"

பதில் இல்லை. குட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது. சேற்றில் பதிந்து இறுகிப்போன குளம்படிகள் எல்லாம் மேற்கே போயிருந்தன. ஒருத்தியின் குளம்படிகள் மட்டும் மலையைப் பார்த்தபடி ஒரே இடத்தில் குழியும்படி நின்று, பிறகு மற்றவற்றின் பின்னால் போயிருந்தன.

"பன்னிரண்டு" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான் திமிலன். மந்தை முழுவதும் குடித்தாலும் தீராத தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. குடிக்க அவன் ஒருவன்தான் இருந்தான்.

நீதி: இடம் மாறினால் அளவும் மாறும், அதை அறியாமல் தன்னைக் குறைத்து எடைபோடுகிறவன், உதவ வேண்டிய நேரத்தைத் தவறவிடுவான்.