எல்லாம் ஒன்று என்ற அரசனும் கஞ்சி காய்ச்சிய கொற்றியும்

கேளுங்கள் பெரியோரே, சிறியோரே! நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்தில் வெண்குன்றூர் என்று ஒரு சிறு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு மூன்று பெருமைகள். ஒன்று, வற்றாத ஏரி. இரண்டு, பூட்டாத கோட்டை வாசல். மூன்று, விடிந்தது முதல் அந்தி வரை மறை ஒலிக்கும் வேதசாலை.

மூன்று ஆண்டுகள் மழை பொய்த்தது. வற்றாத ஏரி வற்றியது. அந்தச் சமயம் பார்த்து அண்டை நாட்டு அரசன் வச்சிரதரன் படையோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தான். பூட்டாத வாசலைப் பூட்டினார்கள். மறை ஓதும் ஒலி ஒன்றுதான் மிச்சம்.

வேதசாலையை ஒட்டி ஓர் அன்னசாலை. ஏழை எளியவர்க்கு அங்கே கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறவள் கொற்றி. ஐம்பது வயதுக்காரி. சுவருக்கு இந்தப் பக்கம் அவளுடைய உலை. அந்தப் பக்கம் ஆசிரியரின் குரல். இருபத்தைந்து ஆண்டுகளாக அகப்பையைக் கையில் பிடித்தபடியே மறையின் பொருளைக் கேட்டு வந்தாள். கேட்டதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

வச்சிரதரன் வெறும் முரடன் அல்லன். படித்தவன். படித்ததை வாளைப் போல் வீசத் தெரிந்தவன். கோட்டைக்குள் ஓர் ஓலை அனுப்பினான்.

“எல்லா உயிரிலும் உறைவது ஒன்றே என்கிறது மறை. அப்படியானால் உங்கள் நாடும் என் நாடும் ஒன்றே. என்னுடையதை நான் எடுத்துக்கொள்வது எப்படிக் குற்றமாகும்? மூன்று நாள் தருகிறேன். நாளுக்கு ஒருவரை அனுப்புங்கள். என் வாயை அடைப்பவர் இருந்தால் திரும்பிப் போகிறேன். இல்லையென்றால் வாசலைத் திறந்துவிடுங்கள்.”

முதல் நாள் தத்தனார் போனார். மறை முழுவதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதக்கூடியவர். பகல் முழுக்க ஓதினார். வச்சிரதரன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். “இனிமையாக ஓதினீர். பதில் எங்கே?” என்றான். தத்தனார் தலைகுனிந்து திரும்பினார்.

இரண்டாம் நாள் நாகனார் போனார். சொல்லைப் பிளந்து பொருள் எடுப்பவர். ‘ஒன்று’ என்ற சொல்லுக்குப் பதினாறு பொருள் சொன்னார். “பதினாறையும் ஒப்புக்கொள்கிறேன். என் கேள்விக்கு விடை அதில் எது?” என்றான் வச்சிரதரன். நாகனாரும் தலைகுனிந்து திரும்பினார்.

மூன்றாம் நாள் காலை, அரசன் செங்கோவேள் அவையைப் பார்த்தான். அவை தரையைப் பார்த்தது. ஒருவரும் எழவில்லை.

அந்த நேரத்தில் கொற்றி உள்ளே வந்தாள்.

“அரசே, கடைசி நாழி அரிசியையும் உலையில் போட்டுவிட்டேன். நாளைக்கு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது?”

“நாளைக்கு இந்த ஊரே யாருடையது என்று தெரியவில்லை, அம்மா,” என்று சொல்லி, அரசன் ஓலையைப் படித்துக் காட்டினான்.

கொற்றி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “இதற்கா இரண்டு நாள் போயிற்று? நான் போகிறேன்,” என்றாள்.

தத்தனார் துள்ளி எழுந்தார். “உனக்கு ஒரு வரியாவது ஓதத் தெரியுமா?”

“தெரியாது, ஐயா. கேட்கத் தெரியும். நீங்கள் ஓதியதை எல்லாம் கேட்டிருக்கிறேன்.”

வேறு வழியும் இல்லை. தன் பங்குக் கஞ்சியை ஒரு சிறு கலயத்தில் ஊற்றிக்கொண்டு கொற்றி புறப்பட்டாள். முந்தின நாளும் அவள் சாப்பிடவில்லை. பேசி முடித்த பிறகு குடிக்கலாம் என்று நினைத்தாள்.

பாசறையில் வச்சிரதரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “உன் ஊரில் படித்தவர்கள் தீர்ந்துபோனார்களா?”

“அரிசியும்தான் தீர்ந்துபோயிற்று, அரசே. கேள்வியைக் கேளுங்கள்.”

கேட்டான். கொற்றி தலையசைத்தாள். “நீங்கள் சொல்வது சரி. எல்லாம் ஒன்றுதான்.”

படைத்தலைவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். வச்சிரதரனும் சிரித்தான். “அப்படியானால் வாசலைத் திறக்கச் சொல்.”

“சொல்கிறேன். ஒன்று என்றால் பாதியாக எடுக்க முடியாதே, முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலைத் தெருவில் நாற்பது வீடுகளில் மூன்று நாளாக அடுப்பு எரியவில்லை. அது உங்கள் வீட்டு அடுப்பு. குயவர் தெருவில் ஒருத்திக்குப் பால் வற்றிவிட்டது. அழுவது உங்கள் குழந்தை. என் சாலையில் கண் தெரியாத கிழவர் ஒருவர், தன் கஞ்சியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டுப் பசியில்லை என்கிறார். அவர் உங்கள் தகப்பனார். இவர்களுக்கு இன்று என்ன செய்யப் போகிறீர்கள்?”

“அது உங்கள் பாடு. அதற்கு நான் என்ன செய்வேன்?” என்றான் வச்சிரதரன்.

கொற்றி மெல்லக் கேட்டாள்: “உங்கள் பாடு என்றா சொன்னீர்கள்? நிலத்தைக் கேட்டபோது ஒன்று. பசியைக் காட்டியபோது இரண்டா, அரசே?”

சிரிப்பு நின்றது. வச்சிரதரன் முகம் கறுத்தது. சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க முடியுமா? ஆனாலும் அவன் லேசில் விடுகிறவன் இல்லை.

“வாயால் வென்றாய். உனக்கும் அது பொருந்த வேண்டும் அல்லவா?” என்று அவளைப் பக்கத்துக் கூடாரத்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒருவன் காய்ச்சலில் கிடந்தான். தோளில் அம்புக் காயம். “என் யானைப்பாகன். கோட்டை மேலிருந்து உன் ஊர்க்காரன் எய்த அம்பு. மருந்துக் கசாயத்தைத் துப்புகிறான், சோற்றையும் துப்புகிறான். இவன் உனக்கு யார்?”

கொற்றி அந்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஊருக்கு வெளியே கடைசியாக விளைந்து நின்ற வரகுக் கொல்லையை மிதித்துத் துவைத்தது இவன் ஓட்டிய யானைதான். மதில் மேலிருந்து அவள் தன் கண்ணாலேயே கண்டிருந்தாள். கலயத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள். திரும்பி நடந்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அந்த ஆள் முனகினான். பசியில் முனகுவது எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவளுக்குத் தெரியாத ஒலியா அது?

கொற்றி உட்கார்ந்தாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கலயத்துக் கஞ்சியைத் துளித் துளியாக ஊட்டினாள். மருந்தைத் துப்பினவன், சோற்றைத் துப்பினவன், கஞ்சியை விழுங்கினான். கலயம் காலியானது.

“இவன் யார் என்றீர்களே. பசித்தவன்,” என்று சொல்லி எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் இருண்டு தள்ளாடினாள். வச்சிரதரன் சட்டென்று அவள் கையைப் பிடித்தான்.

“நீ எப்போது சாப்பிட்டாய்?”

“முந்தாநாள், அரசே.”

வச்சிரதரன் அவளைத் தாங்கி உட்காரவைத்தான். “நானும் இதே மறையைத்தான் பன்னிரண்டு ஆண்டு படித்தேன், தாயே,” என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பாசறை கலைந்தது. படை வந்த வழியே திரும்பியது. படைக்கென்று கொண்டுவந்த நெல்லில் முக்கால் பங்கு, வண்டி வண்டியாக வெண்குன்றூர்க் கோட்டைக்குள் நுழைந்தது.

வேதசாலையில் உயர்ந்த இருக்கை ஒன்றைப் போடச் சொன்னான் செங்கோவேள். தத்தனாரும் நாகனாரும் தாமே போய்க் கொற்றியை அழைத்தார்கள். அவள் வரவில்லை. “நெல்லைக் குத்த ஆள் போதவில்லை, ஐயா. உங்களுக்கு உலக்கை பிடிக்க வருமா?” என்று கேட்டாள். இருவரும் மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு போய் உலக்கையைப் பிடித்தார்கள்.

ஆகவே கேட்டவர்களே, மனத்தில் முடிந்துகொள்ளுங்கள்: எல்லா உயிரும் ஒன்று என்ற மறைமொழியை உணர்ந்தவன், பிறர் பொருளைத் தனது என்னாமல் பிறர் பசியைத் தனது என்பான்.