ஏழாவது கதையின் விலாசம்

அரங்கநாயகி பேய்க்கதைகளைத் தொகுப்பவர். பதினோரு தொகுப்புகள் கொண்டுவந்திருந்தார். ஒரு கதையை ஒரே முறை படிப்பார். "இருக்கட்டும்" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். காரணம் சொல்வதில்லை. வயது நாற்பத்தொன்று.

அவரைத் தேடி வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்தொன்பது. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலைப்பாதைகளில் கேள்விப்பட்ட பேய்க்கதைகளைச் சேர்த்து அவரும் ஒரு தொகுப்பு போட்டிருந்தார். இரண்டு பதிப்பு விற்றுவிட்டது. மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை கேட்டு வந்திருந்தார்.

வந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்டார்.

"அம்மா, புத்தகத்தை மூடினதும் பயம் போயிடுது. மூடின பிறகும் நிக்கிற மாதிரி எழுத என்ன வழி?"

அரங்கநாயகி புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏழாவது கதை. இந்த வீடு நிஜமாவே இருக்கா?"

"இருக்கு. எஸ்டேட் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ். இருபது வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் அளக்கப் போனப்ப பார்த்தேன். பூட்டிக் கிடந்தது."

"கதை யார் சொன்னது?"

"ஒரு லாரி டிரைவர். பனியில வெள்ளைச் சேலை கட்டின பொம்பளை நின்னதைப் பார்த்தாராம். அவ்வளவுதான் சொன்னார்."

"மிச்சம்?"

"நான் சேர்த்தது. ஆஸ்பத்திரி வீடுங்கிறதால நர்ஸ்னு வெச்சேன். ஊசி மாத்திப் போட்டு ஒரு குழந்தை செத்துப்போச்சு, அவ தூக்கு மாட்டிக்கிட்டான்னு எழுதினேன். இடது காலை இழுத்து இழுத்து நடப்பான்னு ஒரு வரி. அந்த வரிதான் எல்லாரையும் பயமுறுத்துச்சு."

"வழியும் எழுதியிருக்கீங்க. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து இடப்பக்கம் நானூறு அடி. ரெண்டு சில்வர் ஓக் மரம். சிவப்பு ஓடு."

"அளந்து பழகின கை, அம்மா. நம்பகமா இருக்கட்டும்னு எழுதினேன்."

அரங்கநாயகி புத்தகத்தை மூடினார்.

"நாளைக்குப் பகல்லயே போங்க. அந்த வீட்டு வாசல்ல ஒரு மணி நேரம் இருந்துட்டு வாங்க. முன்னுரையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மாசிலாமணி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. தான் எழுதிய கதைகளில் அந்த ஒன்று மட்டும் தனக்கே பயம் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆடி மாதம். மலையில் மழையும் பனியும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் கண்டக்டரிடம், "ஒன்பதாவது வளைவு ஒண்ணு" என்றார்.

"பேய் வளைவா?"

"அப்படி ஒரு ஸ்டாப் இருக்கா?"

"ரெண்டு வருஷமா அதான் பேர். லீவு நாள்ல பாதி பஸ் அங்கதான் இறங்குது."

வளைவில் ஒரு டீக்கடை இருந்தது. அவர் அளந்த காலத்தில் அது இல்லை. கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்காமலே பேசினார்.

"வீட்டைப் பார்க்க வந்தீங்களா? தள்ளி நின்னு பாருங்க. வாசப்படி ஏறாதீங்க."

"ஏன்?"

"அது பொல்லாதது. நான் என் கண்ணால பார்த்திருக்கேன். இடது காலை இழுத்துக்கிட்டே போகுது. ஈரச் சாக்கைத் தரையில இழுக்கிற மாதிரி சத்தம்."

மாசிலாமணி டம்ளரை வாயருகிலேயே நிறுத்தினார். இடது கால் அவர் எழுதியது. ஈரச் சாக்கு அவர் எழுதியதல்ல.

"புத்தகத்துல படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. காதால கேட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தார். பழைய பழக்கத்தில் கால் தானாக எட்டுகளை எண்ணியது. நூறு எட்டுக்கு மேல் பனி இறங்கிவிட்டது. பின்னால் டீக்கடை தெரியவில்லை. முன்னால் இரண்டு மரங்கள் மட்டும் நின்றன. அவற்றுக்கு நடுவில் சிவப்பு ஓடு.

அவர் எழுதியபடியே இருந்தது வீடு. ஆனால் ஓடுகளில் பாதி உடைந்திருந்தன. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. உள்ளிருந்து பலகை அடித்திருந்தது. சுவரில் கரியால் மண்டை ஓடு வரைந்து, கீழே யார் யாரோ பெயர் எழுதிவைத்திருந்தார்கள்.

வாசற்படியில் காலை வைத்தார்.

உள்ளே சத்தம் கேட்டது.

சர்ர்... நின்றது. சர்ர்... நின்றது.

ஈரச் சாக்குதான். கடைக்காரர் சொன்னது சரி.

மாசிலாமணிக்கு ஓடத் தோன்றியது. ஓடாமல் நின்று கேட்டார். இப்படி ஒரு நடை உலகத்தில் கிடையாது. ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்து, மேஜையில் உட்கார்ந்து அவர் யோசித்துக் கண்டுபிடித்தது. அது இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு விடும் சத்தமும் கேட்டது.

"யாரு?" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

உள்ளிருந்து மெல்ல ஒரு பெண் குரல்.

"கல் எறிய வந்தீங்களா, படம் பிடிக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்லைம்மா."

"அப்ப போயிடுங்க. என் கையில அரிவாள் இருக்கு."

அந்தக் குரல் நடுங்கியது. அவருக்கு அப்போதுதான் புரிந்தது, கதவுக்கு இரண்டு பக்கமும் பயந்துகொண்டுதான் நிற்கிறார்கள் என்று.

"நான் வயசானவன்மா. தனியாத்தான் வந்திருக்கேன்."

சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது. நரைத்த தலை, வெள்ளைச் சேலை. எழுபது வயதிருக்கும். கையில் அரிவாள் இருந்தது.

பெயர் ரெஜினா. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸ். ஆஸ்பத்திரியை மூடியபோது, உயிரோடு இருக்கும் வரை இருந்துகொள்ளட்டும் என்று அந்த வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள்.

"உயிரோட இருக்கேன்னு யார்கிட்டப் போய்க் காட்டுறது?" என்றார். "மளிகைக் கடைக்காரர் அரிசியை வளைவுக் கல்லு மேல வெச்சுட்டு ஓடிப்போறார். விளக்கைப் போட்டா பேய் விளக்குப் போட்டுருச்சுன்னு கூச்சல். போடாட்டி, இருட்டுல நிக்குதுன்னு கூச்சல்."

"இருபது வருஷம் முன்னாடி நான் இங்க வந்தப்ப வீடு பூட்டியிருந்தது."

"பூட்டித்தான் இருக்கும். டூட்டிக்குப் போயிருப்பேன்."

மாசிலாமணி அவர் காலைப் பார்த்தார். கேட்பதற்குள் ரெஜினாவே சொன்னார்.

"போன பங்குனியில பின்கதவை உடைச்சுக்கிட்டு ரெண்டு பேர் உள்ள வந்தாங்க. நான் ஓடினேன். கிணத்தடிப் படியில விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. அவங்களும் ஓடிட்டாங்க."

"யாரும் வரலையா?"

"கத்தினேன். வெளியூர்ல இருந்து தேயிலை பறிக்க வந்த பொம்பளைங்க பக்கத்துலதான் இருந்தாங்க. கேட்டிருக்காங்க. கேட்டுட்டு ஓடியிருக்காங்க."

பனி வாசல் வரை வந்துவிட்டது.

"மூணாம் நாள் தபால்காரர் வந்து தூக்கினார். அவர் ஊருக்குப் புதுசு. கதை தெரியாது."

ரெஜினா சங்கிலிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார்.

"உங்களைப் பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கு. ஒரு புத்தகத்துல என் கதை வந்திருக்காம். வழியெல்லாம் தப்பில்லாமப் போட்டிருக்காங்களாம். நீங்க படிச்சிருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன்."

"அதுல நான் எப்படிச் செத்தேன்?"

மாசிலாமணி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. எத்தனையோ பேரைக் கேட்டுட்டேன். நான் பேச ஆரம்பிச்சதும் ஓடிடுறாங்க."

"தூக்கு."

"எதுக்கு?"

"ஊசி மாத்திப் போட்டதால... ஒரு குழந்தை..."

ரெஜினாவின் அரிவாள் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது.

"இந்த எஸ்டேட்டுல நானூத்திச் சொச்சம் குழந்தையை இந்தக் கையாலதான் எடுத்தேன்" என்றார். "எந்தக் குழந்தை? அதுக்குப் பேர் போட்டிருக்கா?"

"இல்லைம்மா. அப்படி ஒரு குழந்தை இல்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் எழுதினேன்."

ரெஜினா அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை மாசிலாமணி தன் கதைகளில் பலமுறை எழுதியிருக்கிறார். பேயைக் கண்டவர்கள் பார்ப்பதாக எழுதுவார். அது தன் முகத்தின் மேல் விழும்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கதவு மூடியது. மூன்று தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சர்ர்... சர்ர்... சத்தம் உள்ளே போய் நின்றது.

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் என்று அரங்கநாயகி சொன்னதெல்லாம் நினைவில் இல்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் போனதோ. பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். கல்லூரி வயது. கைப்பேசிகளை முன்னால் நீட்டிக்கொண்டே பனிக்குள் வந்தார்கள். ஒருவன் குனிந்து கல் எடுத்தான்.

வேண்டாம் என்று சொல்ல மாசிலாமணி வாயைத் திறந்தார். தொண்டை கட்டியிருந்தது. ஏதோ ஒரு முனகல்தான் வெளியே வந்தது. எழுந்தார். உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருந்தது. அதை இழுத்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

"டேய், அங்க பாரு" என்றது ஒரு குரல்.

பிறகு அலறல். ஒருவன் விழுந்து எழுந்து ஓடினான். ஜீப் பின்பக்கமாகவே வளைவு வரை போய், அங்கே திரும்பியது.

பழையபடி அமைதி. கதவுக்குப் பின்னாலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்கம்மா."

"நீங்க?"

"நானும் போறேன்."

"போங்க" என்றது குரல்.

மறுநாள் காலையில் மாசிலாமணி அரங்கநாயகியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் சேர்க்கவில்லை. எதையும் விடவுமில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டார் கடைசியில்.

"தெரியாது. விலாசத்தோட ஒரு வீடு இருந்தா அதுல யாராவது இருப்பாங்கன்னு தோணுச்சு."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏழாவது கதையை எடுத்துடுறேன். மிச்சக் கதைகளோட புத்தகம் வரட்டும்."

"எடுக்கலாம். டீக்கடையில இருக்கிறதை எப்படி எடுப்பீங்க?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"கடைக்காரருக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க" என்றார் அரங்கநாயகி. "அவர்கிட்ட பதிப்பு தீராது."

"நான் அங்க போய் உண்மையைச் சொல்றேன். ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்."

"சொல்லுங்க. பேய் இல்லைன்னு சொன்னா அந்த வளைவுல யார் நின்னு கேப்பாங்க?"

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அதற்கே மாசிலாமணியின் தோள் குலுங்கியது.

"ராத்திரி தூங்கலைம்மா. கண்ணை மூடினா அந்தச் சத்தம் கேக்குது. நான் என்ன செய்யணும்?"

அரங்கநாயகி அவருடைய புத்தகத்தை எடுத்தார். ஏழாவது கதையின் பக்கங்களை மட்டும் நிதானமாகக் கிழித்தார். மீதியை அவர் பக்கம் தள்ளினார். மேலே வெள்ளைத்தாள் ஒரு கட்டு வைத்தார்.

"திரும்ப எழுதுங்க. அதே வளைவு, அதே வீடு. அந்தம்மா பேரைப் போடவேண்டாம். ஆனா அவங்க உயிரோட இருக்கட்டும். நானூறு பிள்ளைகளை எடுத்த கை அந்த வீட்டுக்குள்ள இருக்குன்னு ஊருக்குத் தெரியட்டும்."

"எழுதறேன்" என்றார் மாசிலாமணி. பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "அவங்க உயிரோட இருந்தா, கதையில பேய்?"

அரங்கநாயகி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அதைத்தான் ஜீப்புல வந்தவங்க பார்த்துட்டாங்களே."