ஒட்டிய உறைகள்

கணினிக்குள் வட்டு சுழலத் தொடங்கும்போது எழும் இழுப்புச் சத்தம் ஆய்வகப் பொறுப்பாளர் தேவசகாயம் சாரின் மூச்சைப் போலவே இருக்கும். அவர் இறந்த பிறகும், கல்லூரி ஆய்வகத்தைப் பெருக்கும்போது பொன்னுத்தாய்க்கு அது கேட்கும். அப்போது எல்லாக் கணினிகளும் அணைந்திருக்கும்.

கணினிகளில் ஏற்றும் இயங்குதள மென்பொருள் வட்டுகளை அவர் உறையிலிட்டுச் சோற்றுப் பசையால் ஒட்டிவிடுவார். அவற்றுக்குரிய உரிம எண் சீட்டுகள் வேறு பெட்டியில் கிடக்கும். எதற்கு எது என்பது அவர் நினைவோடு போயிற்று.

"பெருக்குறேன்னு எல்லாத்தையும் கலைச்சது நீதான். சாயங்காலத்துக்குள்ள ஜோடி சேர்த்து வை. இல்லேன்னா வேலை கிடையாது," என்றார் மேலாளர் குற்றாலலிங்கம்.

பொன்னுத்தாய் ஓர் உறையைக் காதருகே கொண்டுபோனாள். சோற்றுப் பசையல்ல, கடைப் பசையின் வாசம் மூக்கில் ஏறியது.

சாயங்காலம் கல்லூரித் தாளாளர் அம்மாவும் வந்தார். ஒவ்வோர் உறைமேலும் ஒரு சீட்டு இருந்தது.

"எப்படிச் சேர்த்தே?"

"காதுல வச்சேன், அம்மா. உள்ள இருந்து சாரே எண்ணைச் சொன்னாரு."

மேலாளர் சிரித்தார். "பொய்க்காரி! வெறும் வட்டு எங்கேடி பேசும்? அதுல ஒரு எழுத்துகூடக் கிடையாது!"

"ஒட்டு இன்னும் பிரிக்கலையே, ஐயா. வெறும் வட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

தாளாளர் உறைகளைக் கிழித்தார். எல்லாமே வெறும் வட்டுகள். அசலை விற்றுவிட்டு, வெறும் வட்டுகளை உறையிலிட்டுக் கடைப் பசையால் ஒட்டியவர் மேலாளர்தான்.

பிறகு தாளாளர் மெல்லக் கேட்டார். "நிஜமாவே ஏதாவது கேட்டுதா?"

"எண் கேக்கல, அம்மா. மூச்சு கேட்டுது."

ஓய்வு பெறும்வரை பொன்னுத்தாய் அந்த ஆய்வகத்திலேயே வேலை பார்த்தாள்.