சாவி கேட்ட வார்டர்

சிரிக்க வைக்கிற கதைதான் இது. ஆனால் அவசரப்படக் கூடாது. சிரிப்பு ஒரு பழைய ராணுவ ஜீப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜீப் இன்னும் கிளம்பவில்லை.

ராணுவம் கழித்துக்கட்டிய அந்த ஜீப்பை ஏலத்தில் எடுத்தவர் துரைக்கண்ணு. முப்பது வருஷம் ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அலமேலுவுக்கு முட்டி தேய்ந்து பஸ் ஏற முடியவில்லை. கடைத்தெருவில் அவள் நடத்திய தையல் கடை இரண்டு மாதமாக மூடிக் கிடந்தது. தினமும் அவளைக் கொண்டுபோய் விட ஒரு வண்டி வேண்டும்.

ராணுவ வண்டி என்றால் காட்பாடி வட்டாரத்தில் மெக்கானிக் எஸ்தர்தான்.

"கத்துக்கிட்டே செய்யறதா இருந்தா வாங்க சார். வண்டியை விட்டுட்டுப் போறதா இருந்தா வேணாம்," என்றாள்.

விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? அன்றே சீடரானார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு அறுபத்தொன்று.

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டிலும் ஆணியால் 'து' என்று கீறி வைத்தார். சாயங்காலமானால் ஸ்பேனர்களைக் கைதிகள் மாதிரி வரிசையில் படுக்க வைத்து எண்ணினார். ஸ்பேனர்கள் அவளுடையவை. இருந்தாலும் எண்ணினார்.

"பாக்கெட்ல என்னம்மா?"

"கர்ச்சீப் சார்."

"உதறிக் காட்டு."

உதறிக் காட்டினாள்.

ஐந்தாவது வாரம் இன்ஜினுக்கு உயிர் வந்தது.

"சாவி எங்க?"

"ராணுவ ஜீப்புக்குச் சாவி கிடையாது சார். இந்தச் சுவிட்சைத் திருப்பி, கீழ இந்தப் பட்டனை மிதிச்சா போதும். குண்டு விழறப்ப சாவியைத் தேடிட்டிருக்க முடியுமா?"

துரைக்கண்ணுவுக்கு முகம் வெளிறியது. "அப்ப எவன் வேணாலும் ஏறி ஓட்டிட்டுப் போவான். தெருவில நிறுத்த மாட்டேன். இங்கேயே நிக்கட்டும்."

"அம்மா கடை?"

"அதுவும் மூடியே கிடக்கட்டும்."

மறுநாள் எஸ்தர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சாவிப் பூட்டைப் பொருத்தினாள். மூச்சு படுகிற தூரத்தில் நின்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை சாவி?"

"ரெண்டு."

"மூணாவது?"

"இல்ல சார்."

"கையை விரி."

விரித்தாள். இரண்டு சாவியையும் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டு போனார்.

தையல் கடை திறந்தது. தினமும் அலமேலுவை இறக்கிவிட்டு, சாவியைத் திருப்பி 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகே நகர்வார். ஜெயில் பூட்டு மாதிரி இதை இழுத்துப் பார்க்க முடியவில்லையே என்று மட்டும் ஒரு குறை. பிறகு ஜீப்பைக் கடை வாசலிலேயே விட்டு, நடந்து நூலகம் போய்ப் பேப்பர் படிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தவர் அப்படியே நின்றார். கிழக்கே பார்த்து நிறுத்திய ஜீப் மேற்கே பார்த்து நின்றது. பின்சீட்டில் கொத்தமல்லித் தழை.

நேராகப் பட்டறைக்கு ஓட்டினார். இறங்கினார். பூட்டினார்.

"கள்ளச்சாவி போட்டவன் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். மூணாவது சாவியை எடும்மா."

"முதல்ல உங்க ரெண்டையும் குடுங்க சார்."

யோசித்தார். சட்டையைத் தூக்கி, முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார். அவள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப வண்டியைக் கிளப்புங்க."

"சாவி உன்கிட்ட இருக்கு."

"கிளப்புங்க."

சுவிட்சைத் திருப்பி, பட்டனை மிதித்தார். ஜீப் கிளம்பியது.

உடனே அணைத்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். சுவிட்சின் பின்னால் வயர்கள் இருந்தன. சாவிப் பூட்டின் பின்னால் ஒன்றுமே இல்லை.

"பக்கத்திலேயே நின்னேனே," என்றார், தலையை வெளியே எடுக்காமல்.

"நின்னீங்க சார். என் கையைப் பாத்தீங்க. வயரைப் பாக்கல."

"கொத்தமல்லி?"

"காய்கறிக் கடை சம்சுதீன் பாய். அவசரத்துக்கு மார்க்கெட் வரைக்கும் எடுத்துட்டுப் போயிருப்பார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தெருவில எல்லாருக்கும் தெரியும் சார். பூட்டு விஷயத்தைச் சொல்லி, வண்டியைப் பாத்துக்கச் சொல்லி வெச்சிருந்தேன்."

"அலமேலுவுக்கு?"

எஸ்தர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துரைக்கண்ணு மெல்லத் தலையை வெளியே எடுத்தார். காதில் கிரீஸ்.

"அப்ப எதுக்கும்மா இந்தப் பூட்டு?"

"கடையைத் திறக்க, சார்."