மீட்டர் லைட்

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சம்பூர்ணம் ஒரு பட்டறை வைத்திருந்தாள். வண்டிகளுக்கு ஒயரிங் வேலை. அவளிடம் தொழில் கற்க வந்த அங்கண்ணன் அவளைவிட மிகவும் மூத்தவர். வேலை பார்த்த நூல் மில்லை மூடியதும் அவளிடம் வந்து சேர்ந்தார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மணி என்பார்.

ஒரு மத்தியானம் அங்கண்ணன் கேட்டார்.

"அம்மணி, நான் எப்பங்க தனியா ஒரு வண்டிய முடிச்சுக் குடுக்கறது?"

சம்பூர்ணம் டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வாசலில் வந்து நின்றது.

"இதை நீங்க பாருங்கண்ணா. நான் கை வைக்க மாட்டேன்" என்றாள்.

ஜீப்பில் வந்தவர் போஜன். கோத்தகிரிக்காரர். மாமனார் ஓட்டிய வண்டி. பல வருஷம் கொட்டகையில் கிடந்ததை வெளியே எடுத்து, அவரே உட்கார்ந்து பெயிண்ட் அடித்திருந்தார்.

"ஹெட்லைட் நல்லா எரியுதுங்க. மீட்டர் லைட்டுதான் செத்த மாதிரி எரியுது. இருட்டினா ஒரு முள்ளும் தெரியல. அம்மாவும் வீட்டுக்காரியும் மார்க்கெட் போயிருக்காங்க. அவங்க வந்ததும் மலை ஏறணும்."

அங்கண்ணன் ஜீப்பைக் கொட்டகைக்குள் இருட்டான பக்கமாக நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். மீட்டர்களுக்குள் பீடி நுனி அளவுக்குத்தான் சிவப்பு தெரிந்தது.

பல்புகளை மாற்றினார். புது பல்பும் அப்படியே எரிந்தது. பியூஸைப் பார்த்தார்; நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்ப்பை ஒயரில் வைத்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. ஒயரில் கரண்ட் இருக்கிறது, பல்பில் வெளிச்சம் இல்லை.

"அம்மணி, கரண்ட் வந்துட்டுத்தான் இருக்குது."

சம்பூர்ணம் வேறொரு வண்டியின் ஹாரனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வந்தது திரும்பிப் போகுதுங்களா?"

அங்கண்ணன் ஒரு ஒயரை எடுத்து, ஒரு முனையை கரண்ட் திரும்பிப் போகும் பேட்டரியின் எர்த் முனையில் மாட்டி, மறுமுனையை மீட்டரின் தகர உடம்பில் தொட்டார். எல்லா மீட்டரும் ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன.

"பெயிண்ட்டு!" என்று கத்தினார்.

மீட்டர் தகடு உட்காரும் இடத்தில் போஜன் அடித்த பெயிண்ட் தடிமனாகப் படிந்து எர்த்தைத் தடுத்திருந்தது. அங்கண்ணன் ஸ்குரூக்களைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு தெரியும் வரை தேய்த்து, மறுபடி இறுக்கினார். இன்ஜினை ஸ்டார்ட் செய்து லைட்டைப் போட்டார். மீட்டர் நான்கும் மஞ்சளாக எரிந்தன. அணைத்தார். போட்டார். தள்ளி நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

போஜனின் அம்மாவும் மனைவியும் பைகளோடு வந்து ஏறிக்கொண்டார்கள். போஜன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"என் மாமனார் காலத்துல கூட இப்படி எரிஞ்சிருக்காது" என்றார்.

சம்பூர்ணம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஆயில் மீட்டர் எங்க நிக்குது?"

அங்கண்ணன் பார்த்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முள் அடியில் கிடந்தது.

"அதுக்கு ஒயரே கிடையாதுங்க அம்மணி. ஆயில் டியூப் நேரா வருது. அது நம்ம வேலையில்ல."

"பழைய மீட்டருங்க, முள்ளு மாட்டிருக்கும். அதைக் கண்டுக்க வேண்டாம். நான் கிளம்பறேன்" என்றார் போஜன்.

சம்பூர்ணம் கையை உள்ளே விட்டு மீட்டர் லைட் சுவிட்சை அணைத்தாள்.

"அப்ப இந்த லைட்டு எதுக்குங்க?"

போஜன் அவளைப் பார்த்தார். பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

எதிர்ப் பட்டறை மெக்கானிக் சம்சுதீன் வந்து ஆயில் அளவுகோலை உருவினார். நுனியில்கூட ஈரமில்லை. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டின் வாஷர் கிழிந்திருப்பதாகச் சொன்னார். கோத்தகிரியிலிருந்து வழி நெடுக ஒழுகியிருக்கிறது.

"இதோட ஏறியிருந்தா பாதி மலையில இன்ஜின் ஜாமாயிருக்கும். வளைவுல நின்னா பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு என்ன தெரியும்?" என்றார் சம்சுதீன்.

போஜனின் அம்மா பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

புது வாஷர் போட்டு, ஆயில் ஊற்றி, சம்சுதீன் போய்விட்டார். போஜன் பெண்களுக்கு டீ வாங்கித் தரக் கூட்டிப் போனார். அங்கண்ணன் ஜீப்பில் ஏறி ஸ்டார்ட் செய்தார். லைட்டைப் போட்டார். ஆயில் முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பூர்ணம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ரொம்ப நேரம் இது முன்னாடியேதான் நின்னேன் அம்மணி. போட்டுப் போட்டுப் பார்த்தேன். முள்ளு எப்படிங்க என் கண்ணுல படாமப் போச்சு?"

அவள் ஜீப்புக்குள் குனிந்தாள்.

"இனி அப்படி ஆகாதுங்க. ஒண்ணு விடாமப் பார்த்துருவேன்."

சம்பூர்ணம் கையை நீட்டி ஆயில் மீட்டருக்குப் பக்கத்திலிருந்த மீட்டரை உள்ளங்கையால் மூடினாள்.

"பெட்ரோல் எவ்வளவு இருக்குதுங்கண்ணா?"

அங்கண்ணன் ஆயில் முள்ளைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்கவில்லை. வெளிச்சம் கசியும் அவள் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.